நைட்ரேட்டா, அசிட்டேட்டா: பழைய செல்லுலோஸ் பிளாஸ்டிக்குகளில் எதை முதலில் காப்பது?

திரைப்படத் தொழிலோடு ஒரு காலத்தில் தொடர்பு வைத்திருந்த குடும்பங்களிலும், சிறிய ஊர் நூலகங்களிலும், பழம்பொருள் சேர்ப்பவர்களிடமும் ஒரே பெட்டிக்குள் பலவகைப் பொருள்கள் கலந்து கிடப்பதைக் காணலாம். 35 மி.மீ. படச்சுருளின் துண்டுகள், 16 மி.மீ. அல்லது 8 மி.மீ. வீட்டுப் படச்சுருள்கள், ஒளிப்பட நெகட்டிவ்கள், ஆமையோட்டு நிறத்தில் ஒரு சீப்பு, கன்னம் சிவந்த ஜப்பானியப் பொம்மை, மூக்குக்கண்ணாடியின் சட்டம் ஆகிய எல்லாமே மரத்திலும் பருத்தியிலும் உள்ள செல்லுலோஸிலிருந்து செய்யப்பட்டவையாக இருக்கக்கூடும். ஆனால், அவை செல்லுலோஸ் நைட்ரேட், செல்லுலோஸ் அசிட்டேட் என்று இரண்டு வெவ்வேறு வேதிவழிகளில் பிறந்து, இரண்டு வெவ்வேறு வழிகளில் அழிகின்றன. குளிர்பதனத்துக்கு ஒதுக்கக்கூடிய இடமும் பணமும் குறைவாக உள்ளவர் எதை உறைபெட்டியில் வைப்பது, எதை வீட்டைவிட்டு வெளியேற்றுவது, எதைத் திறந்த அலமாரியில் விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு உதவுவதே இந்த ஒப்பீட்டின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் தீப்பற்றும் நைட்ரேட்டைக் கண்டு அஞ்சி அதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். 'பாதுகாப்பானது' என்று பெயர் பெற்ற அசிட்டேட்டை எங்கேயாவது பரணில் போட்டுவிடுகிறார்கள். நம் தட்பவெப்பத்தில் வீட்டிலுள்ள குளிர் இடம் முதலில் அசிட்டேட்டுக்கே உரியது. நைட்ரேட் படச்சுருள் வீட்டில் இருக்கவே கூடாது. நைட்ரேட்டால் ஆன சீப்புக்கும் பொம்மைக்கும் குளிரைவிடக் காற்றோட்டமே முதன்மையான தேவை.

நைட்ரேட்டின் கதை ஒரு வெடிபொருளிலிருந்து தொடங்குகிறது. பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்தால் கிடைக்கும் பொருள் வெடிமருந்தைவிட வலிமையாக எரியும் என்பதை 1846ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகர வேதியியலாளர் கிறிஸ்டியான் ஷோன்பைன் உலகுக்கு அறிவித்தார். நைட்ரஜனின் அளவு 12.5 சதவீதத்தைத் தாண்டும்போது அது வெடிபஞ்சு. ஏறத்தாழ 11 சதவீதத்தில் நிறுத்தினால், ஈதரும் ஆல்ககாலும் கலந்த திரவத்தில் கரைந்து, உலர்ந்தபின் ஒளிபுகும் மென்படலமாக நிற்கும். கொலோடியன் என்ற அந்தக் கரைசலைக் காயங்களின்மேல் பூசினார்கள். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அதைக் கண்ணாடித் தகட்டில் பூசி ஒளிப்படக்கலையின் போக்கையே மாற்றினார். உலர்ந்த கொலோடியன் கெட்டியாக எஞ்சுவதைக் கவனித்த பர்மிங்காம் நகரத்து அலெக்சாண்டர் பார்க்ஸ், எண்ணெயும் கற்பூரமும் சேர்த்து அதை வார்க்கத்தக்க பொருளாக்கி, 'பார்க்சைன்' என்று பெயரிட்டு 1862ஆம் ஆண்டு லண்டன் பன்னாட்டுக் கண்காட்சியில் வைத்தார். சீப்பு, பொத்தான், கத்திப்பிடி, பதக்கம் என்று அவர் காட்டியவற்றுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

கண்காட்சியில் வென்ற பார்க்சைன் சந்தையில் தோற்றது. 1866இல் லண்டனின் ஹாக்னி விக் பகுதியில் தொடங்கிய பார்க்சின் நிறுவனம் 1868இல் மூடப்பட்டது. மலிவாகவும் விரைவாகவும் விற்க வேண்டும் என்ற அவசரத்தில் தரம் குறைந்த மூலப்பொருளைப் பயன்படுத்தியதும், கரைப்பான் முழுவதும் வெளியேறும்வரை பொறுக்காததும் சீப்புகள் சில வாரங்களிலேயே வளைந்து முறுக்கிக்கொள்ளக் காரணமாயின. இந்தத் தோல்வி இன்றைய சேகரிப்பாளருக்கும் பொருட்படுத்தத்தக்கது; ஏனெனில் நைட்ரேட் பொருளின் ஆயுள் அதன் வயதைவிட அது செய்யப்பட்ட முறையையே அதிகம் சார்ந்திருக்கிறது. அமிலக் கலவையில் தோய்த்து நைட்ரேட்டாக்கிய பின் பஞ்சைச் சரியாகக் கழுவாமல் கந்தக அமிலத்தின் எச்சம் உள்ளே தங்கிவிட்டால், அதுவே பின்னாளில் சிதைவைத் தூண்டும். ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரண்டு சீப்புகளில் ஒன்று நேற்று வாங்கியதைப் போலவும் மற்றொன்று பொடியாகவும் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

பார்க்ஸ் விட்ட இடத்தை நிரப்பியவர் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து அச்சுத் தொழிலாளி ஜான் வெஸ்லி ஹயாட். பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தம் விலையேறிக்கொண்டிருந்ததால், மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் தருவதாக ஒரு பந்து நிறுவனம் அறிவித்திருந்தது. ஹயாட்டை இந்தத் துறைக்கு இழுத்தது அந்த அறிவிப்புதான். திரவக் கரைப்பானை நம்பாமல், பொடித்த கற்பூரத்தை நைட்ரேட்டோடு கலந்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்தால் கற்பூரமே கரைப்பானாகவும் மென்மையூட்டியாகவும் செயல்படுகிறது என்பதே 1870ஆம் ஆண்டு அவரும் அவருடைய அண்ணன் ஐசையாவும் பெற்ற காப்புரிமையின் சாரம். செல்லுலாய்டு என்ற வணிகப்பெயர் 1872இல் வந்தது. தொழிற்சாலை நியூவார்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. உலர உலரச் சுருங்கி வளையும் பார்க்சைனோடு ஒப்பிட்டால் ஹயாட்டின் பொருள் வடிவத்தைக் காத்துநின்றது. பற்செட்டிலிருந்து சட்டைக் கழுத்துப்பட்டை வரை அது நுழைந்ததற்கு இந்த ஒரு வேறுபாடே போதுமானதாயிற்று. கற்பூரம் பெரும்பாலும் தைவானிலிருந்து வந்தது; அந்தத் தீவை ஆண்ட ஜப்பான் 1899இல் கற்பூர வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கியது. ஜப்பானியப் பொம்மைகள் உலகெங்கும் பரவியதன் பின்னணியில் இந்த மூலப்பொருள் வசதி இருக்கிறது. 1919இல் எட்டு நிறுவனங்கள் இணைந்து உருவான பெரிய ஜப்பானியச் செல்லுலாய்டு நிறுவனத்திலிருந்துதான் 1934இல் ஃபியூஜி படச்சுருள் நிறுவனம் பிரிந்தது.

படச்சுருளுக்கு நைட்ரேட் வந்த வழியும் வழக்குகள் நிறைந்தது. நியூவார்க்கில் பாதிரியாராக இருந்த ஹானிபல் குட்வின் 1887இல் வளையக்கூடிய ஒளிப்படச் சுருளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது 1898இல்தான் கிடைத்தது. இதற்கிடையில் ஈஸ்ட்மன் நிறுவனம் 1889லேயே நைட்ரேட் சுருளை விற்கத் தொடங்கிவிட்டது. குட்வின் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1914இல், அவருடைய உரிமையை வைத்திருந்தவர்களுக்கு ஈஸ்ட்மன் கோடாக் 50 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அதன்பின் 1951 வரை திரையரங்குகளில் ஓடிய 35 மி.மீ. படங்கள் பெரும்பாலும் நைட்ரேட்டிலேயே வந்தன.

நைட்ரேட்டின் தீ மற்றத் தீயைப் போன்றதன்று. எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருப்பதால், மணலைக் கொட்டி மூடினாலும் நீரில் அமிழ்த்தினாலும் பற்றிய சுருள் தொடர்ந்து எரியும். நைட்ரஜன் ஆக்சைடுகளும் கார்பன் மோனாக்சைடும் கலந்த நச்சுப்புகை எழும். 1929ஆம் ஆண்டு மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை ஒன்றில் நைட்ரேட் எக்ஸ்ரே படங்கள் எரிந்தபோது 123 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அந்தப் புகையே. நல்ல நிலையில் உள்ள சுருள் ஏறத்தாழ 150 செல்சியஸ் பாகையில்தான் பற்றும். ஆனால் சிதையத் தொடங்கிய சுருள் நெடுநாள் வெப்பத்தில் அடைபட்டுக் கிடந்தால், ஏறத்தாழ 41 பாகையிலேயே தானாகப் பற்றக்கூடும் என்பது 1949ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கச் சேமிப்பறைகளில் நிகழ்ந்த தீவிபத்துகளுக்குப் பின் நடந்த ஆய்வில் தெரியவந்தது. கத்திரி வெயிலில் வேலூரிலும் திருத்தணியிலும் வெளியிலேயே அந்த வெப்பம் வருகிறது; மொட்டைமாடிக்குக் கீழே காற்றில்லாத பரணில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். நைட்ரேட் படச்சுருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று நான் தயங்காமல் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி அசிட்டேட். செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரியச் செய்யலாம் என்பதைப் பிரான்சின் பால் ஷுட்சன்பெர்கர் 1865லேயே காட்டிவிட்டார். ஆனால் அவருக்குக் கிடைத்த பொருள் மலிவான கரைப்பான்களில் கரையவில்லை. அதை ஓரளவு நீராற்பகுத்தால், அதாவது நீரைக் கொண்டு அசிட்டேட்டின் ஒரு பகுதியைப் பிரித்தால், அசிட்டோனில் கரையும் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவானபின்புதான் தொழில் பிறந்தது. ஜெர்மனியில் ஆர்தர் ஐகன்கிரூன் இதில் முன்னோடி. பாசலைச் சேர்ந்த டிரேஃபஸ் சகோதரர்கள் முதல் உலகப்போரில் விமானங்களின் துணி இறக்கைகளில் பூசும் பூச்சாக இதைப் பெருமளவில் தயாரித்து, போர் முடிந்ததும் செயற்கைப் பட்டு இழைக்குத் திரும்பினார்கள். யூதரான ஐகன்கிரூன் முதிய வயதில் தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைக்கப்பட்டு, உயிரோடு மீண்டார். இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போது ஹயாட்டுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

திரையரங்குகளுக்கு அசிட்டேட் சுருளைக் கொண்டுவர 1909 வாக்கிலேயே அமெரிக்காவில் முயன்றார்கள். அது விரைவில் சுருங்கி நொறுங்கியதால் மறுபடி நைட்ரேட்டுக்கே போனார்கள். வீடுகளில் காட்டும் படத்துக்கு மட்டும் தீயற்ற சுருள் கட்டாயம் என்று முடிவானது. கோடாக் 1923இல் 16 மி.மீ. அளவை அறிமுகப்படுத்தியபோது அதை அசிட்டேட்டில் மட்டுமே செய்தது. 1948இல் உறுதி கூடிய டிரைஅசிட்டேட் வந்தது. 1951இல் கோடாக் நைட்ரேட் தயாரிப்பை நிறுத்தியது. சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணினார்கள்.

டிரைஅசிட்டேட் வந்து பத்தாண்டுகளுக்குள், சுருள்கள் சிதைந்து புளித்த நெடி வீசுகின்றன என்ற முதல் முறையீடு கோடாக் நிறுவனத்துக்குச் சென்றது. அதை அனுப்பியது இந்திய அரசு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்த சுருள்கள் அவை. இன்று உலகெங்கும் வினிகர் நோய் என்று அறியப்படும் சிதைவு முதலில் வெளிப்பட்டது நம் நாட்டுத் தட்பவெப்பத்தில்தான். காற்றிலுள்ள ஈரம் அசிட்டேட் மூலக்கூறிலிருந்து அசிட்டிக் அமிலத்தைப் பிரிக்கிறது; பிரிந்த அமிலமே மேலும் பிரிதலைத் தூண்டுவதால், ஒரு கட்டத்துக்குப் பின் சிதைவின் வேகம் செங்குத்தாக ஏறுகிறது. வெளியேறும் ஆவி பக்கத்திலுள்ள நல்ல சுருளையும் கெடுக்கும். துருப்பிடித்த தகரப்பெட்டி அதை விரைவுபடுத்தும். அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள பட நிலைப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, புதிய அசிட்டேட் சுருள் 21 பாகை வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் அந்தச் செங்குத்துக் கட்டத்தை எட்டும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அந்த 21 பாகையும் 50 சதவீதமும் குளிர்சாதனம் இல்லாமல் ஒருநாளும் வாய்க்காது. எனவே 1960களிலும் 70களிலும் எடுத்த திருமணப் படச்சுருள்கள், நெகட்டிவ்கள் ஆகியவற்றில் பல ஏற்கெனவே அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கும்.

இரண்டையும் எடைபோடும்போது, தீ என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு பார்ப்பவருக்கு அசிட்டேட் மிக மேலானது. நிலைத்திருத்தல் என்ற அளவுகோலில் பார்த்தால் அந்த மேன்மை மறைந்துவிடுகிறது; குளிர்ந்த, உலர்ந்த காப்பகங்களில் நூறாண்டைக் கடந்த நைட்ரேட் சுருள்கள் கூர்மை மங்காமல் இருக்கின்றன, அதே காப்பகங்களில் அவற்றைவிட அரைநூற்றாண்டு இளைய அசிட்டேட் சுருள்கள் சுருண்டு கிடக்கின்றன. ஆனால் நைட்ரேட்டை நன்கு காப்பதற்குத் தேவையான ஏற்பாடு தனிமனிதரால் இயலாதது: அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கல்பெப்பரில் இதற்கென்றே 124 தனித்தனி அறைகளை 4 பாகை வெப்பத்திலும் 30 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்கிறது. அசிட்டேட்டுக்குத் தேவைப்படுவதோ, சிறிய அளவானால், சாதாரண உறைபெட்டி. செலவு ஒன்றே எனும்போது பலன் எங்கே மிகுதியோ அங்கே இடத்தைக் கொடுப்பதுதான் முறை.

நைட்ரேட் படச்சுருளை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. எரித்துவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்', 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' ஆகியவற்றின் படச்சுருள் எதுவும் இன்று நம்மிடம் இல்லை. வெள்ளி எடுப்பதற்காகவே எத்தனையோ சுருள்கள் உருக்கப்பட்டிருக்கின்றன. பெயர் தெரியாத ஒரு துண்டுச் சுருளில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதை, பார்த்து அறிவதற்கு முன் யாராலும் சொல்ல இயலாது. 1964இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமே முதலில் அணுக வேண்டிய இடம். 2003ஆம் ஆண்டு சனவரியில் அதே நகரில், திரைப்படக் கல்லூரி வளாகத்தில் இருந்த நைட்ரேட் சேமிப்பு தீக்கிரையானதை நினைவுபடுத்தி எதிர்வாதம் செய்வோர் உண்டு. அந்த இழப்பு பெரிது. ஆனாலும் குடியிருப்புக்குள் பரணில் இருப்பதைவிடப் பயிற்சி பெற்றவர்கள் கையில் இருப்பது சுருளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது. நைட்ரேட் சுருளைக் கூரியரிலோ பேருந்திலோ அனுப்புவது ஆபத்தானது. முதலில் எழுதித் தெரிவித்து, அவர்கள் சொல்லும் முறையில்தான் ஒப்படைக்க வேண்டும். அதுவரை ஆளில்லாத, நிழலான, காற்றோட்டமுள்ள வெளிக்கட்டடத்தில், மற்றச் சுருள்களிலிருந்து விலக்கி வைக்கலாம். ஒட்டிக்கொண்டு தேன் போலக் கசிந்தோ பழுப்புப் பொடியாகவோ மாறியிருந்தால் தொடாமல் தீயணைப்புத் துறைக்குத் தெரிவிப்பதே சரி.

இவ்வளவும் செய்வதற்கு எது எது என்று தெரிந்திருக்க வேண்டும். சுருளின் விளிம்பில் 'நைட்ரேட்' என்றோ 'சேஃப்டி' என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கலாம்; ஆனால் நகலெடுக்கும்போது மூலச்சுருளின் விளிம்பெழுத்தும் சேர்ந்து பதிந்துவிடுவது உண்டாகையால் அதை மட்டும் நம்பக் கூடாது. 1951க்கு முந்திய 35 மி.மீ. திரைப்படச் சுருளை மாற்றுச் சான்று கிடைக்கும்வரை நைட்ரேட் என்றே கொள்வது நல்லது. ஒளிப்பட நெகட்டிவ்களில் நிலைமை சற்று வேறு: கோடாக் எக்ஸ்ரே படங்களில் 1933இலும், 35 மி.மீ. ஒளிப்படச் சுருளில் 1938இலும், தனித்தனித் தாளாக வரும் தகட்டளவுப் படங்களில் 1939இலும் நைட்ரேட்டைக் கைவிட்டது. சீப்பு, பொம்மை போன்றவற்றைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால், பூசையறையில் சூடம் ஏற்றும் முன் வரும் அதே மணம் எழுமானால் அது நைட்ரேட். புளிப்பு நெடி எழுமானால் அசிட்டேட். ஒரு துணுக்கை வெட்டி எரித்துப் பார்க்கும் சோதனையைப் பழைய கையேடுகள் சொல்கின்றன. வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கக் கண்ணாடிகளுக்கு (போலராய்டு) நடுவே வைத்துப் பார்க்கையில் வானவில் நிறங்கள் தெரிந்தால் அது பாலியெஸ்டர். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், அறையிலேயே இருக்கட்டும்.

சீப்பும் பொம்மையும் பேனாவும் நைட்ரேட்டாக இருந்தாலும் அவற்றைப் படச்சுருளைப் போல நடத்தத் தேவையில்லை. இறுகச் சுற்றிய சுருளைப் போல அவை உள்ளே வெப்பத்தைச் சேர்த்துவைப்பதில்லை. அவற்றின் எதிரி, சிதையும்போது தாமே வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு. அது ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி அந்தப் பொருளையே தின்னும்; அருகிலுள்ள பித்தளைக் கீலைப் பச்சையாக அரிக்கும். காற்றுப்புகாத கண்ணாடிப் பேழையில் அழகாகப் பூட்டிவைப்பது மிகக் கெட்ட தேர்வாவது இதனால்தான். வெயில் படாத திறந்த தட்டில், ஒன்றோடொன்று தொடாமல், உலோகத்திலிருந்து விலக்கி, அமிலமற்ற தாளின்மேல் வைத்து, ஆண்டுக்கு இருமுறையேனும் வெடிப்புக்கோடு தோன்றியிருக்கிறதா என்று பார்ப்பது போதுமானது. வெளிர்நிறப் பேனாக்களில் ரப்பர் மைப்பையை நீக்கிவிடுவது நல்லது. ரப்பரிலிருந்து வரும் கந்தக ஆவி நிறத்தைப் பழுப்பாக்கும்.

எல்லாவற்றையும் எண்ணிமப் படியெடுத்துவிட்டு மூலத்தை எறிந்துவிடலாமே என்பது நான்காவது தேர்வு. படியெடுப்பு கட்டாயம் தேவை, அதுவும் விரைவாகத் தேவை. சுருக்கம் ஏறத்தாழ 1 சதவீதத்தைத் தாண்டிய சுருளின் துளைகள் பல்சக்கரங்களில் பொருந்தாமல், ஓட்டும்போதே கிழியும். அதனால் நெடி வீசத் தொடங்கிய அசிட்டேட் சுருள்களையே வரிசையில் முதலில் நிறுத்த வேண்டும். ஆனால் இன்று கிடைக்கும் வருடி பத்தாண்டுகளுக்குப் பின் கிடைப்பதற்கு ஈடாகாது. கோப்புகளும் ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை புதிய வட்டுக்கு மாற்றப்படாவிட்டால் சத்தமில்லாமல் தொலையும். மூலம் இருக்கும்வரை மறுபடி எடுக்கலாம் என்ற வாய்ப்பை விலைக்கு வாங்க முடியாது.

உறைபெட்டியில் வைக்கும் முறையில் கவனக்குறைவு எல்லா முயற்சியையும் கெடுக்கும். அமிலச் சோதனைத் தாள்துண்டை ஒரு நாள் சுருளோடு வைத்துப் பார்த்து, தாள் நீலமாகவே இருக்கும் சுருளையும், தாளைப் பச்சையோ மஞ்சளோ ஆக்கும், அதாவது அமிலம் கசியும், சுருளையும் வேறு வேறாகப் பிரிக்க வேண்டும். உலர்ந்த, மழையில்லாத நாளில், குளிர்சாதன அறையில் சில நாள் வைத்து ஈரம் தணிந்தபின், சுருளை அட்டைப்பெட்டியில் இட்டு, இரண்டு தடித்த பாலித்தீன் பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடி, பைகளுக்கு இடையில் ஈரப்பதம் காட்டும் அட்டையைச் செருகி, −18 பாகையில் உறைபெட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது பையைப் பிரிக்காமல் ஒரு முழுநாள் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும்; அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் சுருள்மேல் பனித்துப் படிந்து, படத்தைத் தாங்கும் ஜெலட்டினை ஊறவைத்துவிடும். மின்வெட்டு சில மணி நேரம் நீடித்தாலும் பைகள் மூடியிருக்கும்வரை கெடுதல் இல்லை. அந்த நேரத்தில் உறைபெட்டியின் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.